பிளானைக் குறைத்த பிறகு நெட் படுத்துகிறதா? அறிகுறி வாரியாகச் சரிசெய்யும் வழி

150, 200 எம்பிபிஎஸ் ஃபைபரை விட்டு 30, 40 எம்பிபிஎஸ் பிளானுக்கு இறங்கிய வீடுகளில் முதல் வாரமே ஒரு புலம்பல் கேட்கும்: "நானூறு ரூபா மிச்சம் பண்றேன்னு நெட்டையே கெடுத்தாச்சு." பாதி வீடுகளில் அடுத்த மாதமே பழைய பிளானுக்குத் திரும்பிவிடுகிறார்கள். அப்படித் திரும்பும் முன் ஒரு கணக்கைப் பாருங்கள். முழு ஹெச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ், 4கே படத்துக்கு 15 போதும் என்று நெட்ஃபிளிக்ஸே சொல்கிறது. நல்ல தரத்தில் ஒரு ஜூம் கூட்டத்துக்கு 4 எம்பிபிஎஸ் தாண்டாது. ஹாலில் ஒருவர் படம் பார்க்க, அறையில் ஒருவர் ஆபீஸ் கூட்டத்தில் இருக்க, இன்னும் இரண்டு பேர் போனைத் தேய்த்துக்கொண்டிருந்தாலும் 40 எம்பிபிஎஸ் நிறையாது.

அப்படியானால் ஏன் தகராறு? மாறியது வேகம் மட்டும் இல்லை என்பதால்தான். அதே நிறுவனத்தில் பிளானை மட்டும் குறைத்திருந்தால் பாக்ஸ் (நிறுவனம் தரும் ரவுட்டர்), லைன் எல்லாம் பழையதே. வேகம் ஒன்றுதான் குறைந்திருக்கும். நிறுவனத்தையே மாற்றியிருந்தால் சுவரில் தொங்கும் பாக்ஸ் மாறியிருக்கும், அது தொங்கும் இடமும் மாறியிருக்கும், ஐபி முகவரி கொடுக்கும் விதம், மாத டேட்டா வரம்பு, தெருவில் வரும் கேபிள் எல்லாமே வேறு. இதில் எது மாறியதால் தொந்தரவு வந்தது என்று தெரியாமல் பிளானை ஏற்றினால், பணம் போகும், தொந்தரவு போகாது.

எதற்கும் முன்னால் ஒரு சோதனை

ஒரு லேப்டாப்பை லேன் கேபிள் போட்டு நேராகப் பாக்ஸில் சொருகுங்கள். மற்ற எல்லாக் கருவிகளிலும் வைஃபையை அணைத்துவிட்டு ஸ்பீட் டெஸ்ட் ஓட்டுங்கள். காலையில் ஒரு தடவை, இரவு ஒன்பது மணிக்கு ஒரு தடவை. 40 எம்பிபிஎஸ் பிளானில் 36, 37 வந்தாலும் சரிதான். கேபிளில் முழு வேகம் வந்து வைஃபையில் வரவில்லை என்றால் பிரச்சினை வீட்டுக்குள். கேபிளிலேயே வரவில்லை என்றால் வெளியே. இந்த ஒரு பிரிவினை தெரியாமல் கஸ்டமர் கேரைக் கூப்பிட்டால் "ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்" என்பதைத் தாண்டிப் பேச்சு நகராது.

ஒரு எச்சரிக்கை. பிரௌசரில் கோப்பு இறங்கும்போது "நொடிக்கு 5 எம்பி" என்று காட்டினால் பயப்பட வேண்டாம். அது மெகாபைட், பிளானில் இருப்பது மெகாபிட். எட்டால் வகுக்க வேண்டும். 40ஐ எட்டால் வகுத்தால் 5. உங்களுக்கு வரவேண்டியது முழுதாக வருகிறது.

அறிகுறி: படம் நன்றாக ஓடுகிறது, வீடியோ கால் மட்டும் வெட்டி வெட்டி வருகிறது

பிளான் குறைத்தவர்களிடம் அதிகம் கேட்கும் புகார் இது. அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். யூடியூப் சில நொடிகளை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளும். நடுவில் லைன் தடுமாறினாலும் நமக்குத் தெரியாது. வீடியோ கால் அப்படி வைத்துக்கொள்ள முடியாது. நீங்கள் பேசுவது அந்தக் கணமே போய்ச் சேர வேண்டும். அதனால் காலுக்கு வேகத்தைவிடத் தாமதம்தான் முக்கியம்.

தாமதம் எங்கிருந்து வருகிறது? முக்கால்வாசி வீடுகளில் அப்லோடிலிருந்து. யாரோ ஒருவருடைய போன் கூகுள் போட்டோஸுக்கு வீடியோக்களை ஏற்றிக்கொண்டிருக்கும். இன்னொரு போன் வாட்ஸ்அப் பேக்கப் எடுத்துக்கொண்டிருக்கும். லேப்டாப்பில் ஒன்டிரைவ் ஓடும். இவை கிடைக்கிற அப்லோடை முழுக்க எடுத்துக்கொள்ளும். அனுப்ப முடியாத தரவை ரவுட்டர் வரிசையில் நிறுத்திவைக்கும். உங்கள் குரலைச் சுமக்கும் சின்னச் சின்னப் பாக்கெட்டுகள் (தரவுத் துண்டுகள்) அந்த வரிசையின் கடைசியில் போய் நிற்கும், சுங்கச்சாவடியில் இருபது லாரிக்குப் பின்னால் மாட்டிய ஆம்புலன்ஸ் போல.

பழைய பிளானில் இது ஏன் தெரியவில்லை? 1 ஜிபி வீடியோ 200 எம்பிபிஎஸ் அப்லோடில் 40 நொடியில் ஏறிவிடும். 40 எம்பிபிஎஸ்ஸில் 3 நிமிடம் 20 நொடி. ஃபைபராக இல்லாமல், மாடியில் ஆன்டெனா வைக்கும் 5ஜி வகை இணைப்புக்கு மாறியிருந்தால், அதில் அப்லோட் டவுன்லோடைவிடக் குறைவாகவே இருக்கும். 5 எம்பிபிஎஸ்தான் கிடைக்கிறது என்றால் அதே வீடியோ ஏற ஏறக்குறைய 27 நிமிடம். அத்தனை நேரமும் வரிசை நிரம்பி இருக்கும். தொந்தரவு முன்பும் இருந்தது, கண் சிமிட்டும் நேரத்தில் முடிந்துபோனது.

சோதிக்க: ஃபாஸ்ட்.காம் தளத்தில் டெஸ்ட் முடிந்ததும் கூடுதல் விவரம் காட்டச் சொல்லும் பட்டனை அழுத்துங்கள். லேட்டன்சி, அதாவது தாமதம், இரண்டு எண்ணாக வரும். ஒன்று லைன் சும்மா இருக்கும்போது, இன்னொன்று சுமையோடு. சும்மா இருக்கும்போது 15, சுமையில் 40 என்றால் பரவாயில்லை. சுமையில் 300, 400 மில்லிசெகண்ட் என்று தாவினால் ஆள் அகப்பட்டது.

சரிசெய்ய முதலில் செலவில்லாத வழி. கூகுள் போட்டோஸில் வீட்டுப் பெரியவர்கள் போனிலிருந்து கல்லூரிப் பிள்ளை போன்வரை பேக்கப் எந்தத் தரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். "அசல் தரம்" என்பதிலிருந்து "சேமிப்பு" வகைக்கு மாற்றினாலே அளவு வெகுவாகக் குறையும். ஒன்டிரைவில் அப்லோட் வேகத்துக்கு வரம்பு வைக்க அமைப்பிலேயே இடம் உண்டு. விண்டோஸ் அப்டேட்டில் "டெலிவரி ஆப்டிமைசேஷன்" என்று ஒன்று இருக்கிறது. நீங்கள் இறக்கிய அப்டேட்டை மற்ற கணினிகளுக்கும் பகிர்ந்துகொடுக்கும் வேலை அது. நம் சின்ன லைனில் அந்தத் தர்மம் எதற்கு? அணைத்துவிடுங்கள்.

அதிலும் அடங்கவில்லை என்றால் ரவுட்டர்தான் வரிசையை ஒழுங்குபடுத்த வேண்டும். எஸ்க்யூஎம் என்ற வசதி இருக்கும் ரவுட்டர், அல்லது ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரவுட்டர் மென்பொருளைப் போட முடிந்த ரவுட்டர் வேண்டும். அதில் நீங்கள் அளந்த வேகத்தில் 85 முதல் 90 சதவீதத்தை வரம்பாக வைக்க வேண்டும். 40 வந்தால் 35 என்று. கொஞ்சம் வேகத்தை விட்டுக்கொடுக்கிறோம், ஆனால் பேக்கப் ஓடும்போதும் கால் வெட்டாது. இதில் ஒரு லாபமும் உண்டு: 200 எம்பிபிஎஸ்ஸில் இந்த வேலையைச் செய்யத் திணறும் பழைய ரவுட்டரே 40க்குத் தாராளமாகப் போதும். நிறுவனம் கொடுக்கும் இலவசப் பாக்ஸில் இந்த வசதியைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், பெரும்பாலும் இருக்காது.

அறிகுறி: ஹாலில் பறக்கிறது, படுக்கையறையில் ஊர்கிறது

கேபிள் சோதனையில் தேறியிருந்தால் இது வைஃபை. மலிவுப் பிளானோடு வரும் பாக்ஸ் பல நேரம் ஒற்றை அலைவரிசைப் பாக்ஸ், அதாவது 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும். பழைய நிறுவனம் 5 கிகாஹெர்ட்ஸும் சேர்ந்த பாக்ஸைக் கொடுத்திருக்கும், அதைத் திருப்பி வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் 2.4 என்றால் சந்தை இரைச்சல். அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மூன்றுதான். மாடி முழுக்க இருக்கும் ரவுட்டர்கள் அந்த மூன்றில்தான் முட்டிக்கொள்கின்றன.

அப்புறம் இடம். டெக்னீஷியன் தனக்குத் துளை போட வசதியான ஜன்னல் பக்கம் பாக்ஸை மாட்டிவிட்டுப் போயிருப்பார். டிவிக்குப் பின்னால், பீரோவுக்கு மேல், ஷூ ரேக்குக்குள் என்று பாக்ஸ் வாழும் இடங்களைச் சொல்லி மாளாது. இரும்பு பீரோவும் கான்கிரீட் தூணும் வைஃபைக்கு எதிரிகள். உள்ளே வரும் ஃபைபர் ஒயரில் சுற்றி வைத்த உபரி நீளம் இருந்தால் அதை வைத்தே பாக்ஸை வீட்டு நடுவுக்குக் கொண்டுவர முடியுமா பாருங்கள். ஃபைபரை மட்டும் கூர்மையாக மடக்கக் கூடாது.

சொந்தமாக வாங்கிய பழைய ரவுட்டர் வீட்டில் கிடந்தால் புதிது வாங்க வேண்டியதில்லை. அதன் முகவரியைப் புதுப் பாக்ஸோடு மோதாதபடி மாற்றுங்கள் (பாக்ஸ் 192.168.1.1 என்றால் இது 192.168.1.2, அந்த எண் வேறு எந்தக் கருவிக்கும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்). அதில் டிஹெச்சிபியை (கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் வசதி) அணைத்துவிட்டு, பாக்ஸின் லேன் துளையிலிருந்து இதன் லேன் துளைக்கு ஒரு கேபிள் இழுங்கள். வேன் (WAN) துளையில், அதாவது வெளி இணைப்பு வரும் துளையில், சொருகக் கூடாது. படுக்கையறைப் பக்கம் ஒரு முழு வைஃபை கிடைத்துவிடும். 100 எம்பிபிஎஸ் லேன் துளை உள்ள பழைய ரவுட்டராக இருந்தாலும் கவலையில்லை, லைனே 40தான்.

அறிகுறி: டிவி, ஸ்மார்ட் பல்பு, கேமரா எதுவும் புது வைஃபையில் ஏறவில்லை

ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துக்கொண்டிருக்க வேண்டாம். புதுப் பாக்ஸில் பழைய வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் எழுத்துப் பிசகாமல் வையுங்கள், பெரும்பாலானவை தானாகவே ஏறிக்கொள்ளும். ஏறாத பல்பும் பிளக்கும் இருந்தால், பாதுகாப்பு வகை டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருக்கிறதா பாருங்கள். அதை டபிள்யூபிஏ2க்கு மாற்றுங்கள். இந்த வகைச் சாமான்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ், டபிள்யூபிஏ2 தவிர வேறு எதையும் அறியாதவை.

அறிகுறி: பகலில் சரி, இரவு எட்டு மணிக்கு மேல் சுற்றிக்கொண்டே இருக்கிறது

கேபிளில் அளந்தும் இரவில் மட்டும் குறைந்தால், நெரிசல் நிறுவனத்தின் பக்கம். வீட்டு ஃபைபர் பெரும்பாலும் ஜிபான் என்ற முறையில் வருகிறது. அதில் ஒரு இழையின் 2.5 ஜிபிபிஎஸ் டவுன்லோடை 32 அல்லது 64 வீடுகள் பங்கிட்டுக்கொள்ளும். எல்லாரும் 40 எம்பிபிஎஸ் என்றால் 64 வீட்டுக்கும் அது ஏறக்குறைய போதும். இடிப்பது பொதுவாக அதற்கு மேலே, உள்ளூர் ஆபரேட்டர் பெரிய நிறுவனத்திடம் மொத்தமாக வாங்கி வைத்திருக்கும் அளவில். விலை குறைவதன் ரகசியம் சில இடங்களில் இங்கேதான் இருக்கிறது.

ஸ்பீட் டெஸ்ட் இங்கே ஏமாற்றும். அது பக்கத்திலேயே இருக்கும் சர்வரைத் தேர்ந்தெடுக்கும், சில சமயம் அந்த ஆபரேட்டரின் சர்வரையே. வெளியே போகும் பாதை அடைத்துக் கிடந்தாலும் 40 என்று காட்டும். சர்வரை மும்பைக்கோ சிங்கப்பூருக்கோ மாற்றி இன்னொரு தடவை ஓட்டுங்கள். யூடியூபும் நெட்ஃபிளிக்ஸும் மட்டும் பறந்து மற்றதெல்லாம் ஊர்ந்தாலும் அதே நோய்தான்: அந்த இரண்டும் தங்கள் சேமிப்பு சர்வர்களை இணைய நிறுவனங்களின் வலைக்குள்ளேயே வைக்கின்றன, அதனால் அவற்றின் வீடியோ வெளிப்பாதை வழியாக வர வேண்டியதில்லை. டிஎன்எஸ்ஸை (தளப் பெயருக்கு முகவரி தேடித்தரும் சர்வர்) 8.8.8.8 என்றோ 1.1.1.1 என்றோ மாற்றினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால், பக்கம் திறக்கத் தொடங்கும் நேரம் வேண்டுமானால் குறையும். நெரிசல் தீராது.

நான்கைந்து இரவுகளின் எண்களை நேரத்தோடு படமெடுத்து வைத்துக்கொண்டு புகார் கொடுங்கள். மாதாமாதம் கட்டும் பிளானாக இருந்தால் பேசும் தெம்பு உங்களிடம் இருக்கும். ஆறு மாதம், ஒரு வருடம் என்று முன்பணம் கட்டிவிட்டால் இருக்காது. மலிவு லைனுக்கு முதல் முறை மாறுகிறவர்கள், எவ்வளவு தள்ளுபடி சொன்னாலும், ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டிப் பார்ப்பதே என் பரிந்துரை.

அறிகுறி: மாதத் தொடக்கத்தில் பறந்தது, இருபதாம் தேதிக்கு மேல் நகரவில்லை

டேட்டா வரம்பு தீர்ந்திருக்கிறது. "அன்லிமிடெட்" என்று விளம்பரம் இருந்தாலும் கீழே சின்ன எழுத்தில் எஃப்யூபி என்று ஒரு அளவு இருக்கும். அதைத் தாண்டினால் வேகத்தை இறக்கிவிடுவார்கள். இந்தியாவில் பிராட்பேண்ட் என்று சொல்லிக்கொள்ளக் குறைந்தபட்சம் 2 எம்பிபிஎஸ் வேண்டும் என்று 2023இல் உயர்த்தினார்கள். வரம்பு தாண்டியபின் கிடைப்பது அந்த எல்லைக்குப் பக்கத்திலேயே இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

40 எம்பிபிஎஸ் லைனை மூச்சுவிடாமல் ஓட்டினால் மணிக்கு 18 ஜிபி. 3.3 டிபி (3,300 ஜிபி) வரம்பைத் தீர்க்க ஏழரை நாள் இரவுபகலாக இறக்க வேண்டும், சாதாரண வீட்டில் நடக்காது. 500 ஜிபி வரம்பு என்றால் 28 மணி நேரம்கூட ஆகாது. நெட்ஃபிளிக்ஸ் கணக்கில் ஹெச்டி படம் மணிக்கு 3 ஜிபி வரை, 4கே 7 ஜிபி வரை எடுக்கும். தினம் நான்கு மணி நேரம் 4கே ஓடும் வீட்டில் மாதம் 840 ஜிபி டிவிக்கே போய்விடும். நிறுவனத்தின் ஆப்பில் உபயோகத்தைப் பாருங்கள். டிவியில் தரத்தை முழு ஹெச்டியில் நிறுத்துங்கள். 43 அங்குல டிவியை எட்டடி தூரத்திலிருந்து பார்க்கும் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. போனில் 720பி போதும்.

அறிகுறி: வெளியூர் போனால் வீட்டுக் கேமரா தெரியவில்லை

முன்பு டிவிஆருக்கு (கேமரா பதிவுப் பெட்டி) வெளியிலிருந்து வழிவிட ரவுட்டரில் போர்ட் திறந்து வைத்திருந்தவர்களுக்கு வரும் தலைவலி. புதுப் பாக்ஸின் அமைப்புப் பக்கத்தில் வேன் ஐபி (வெளிப்பக்க முகவரி) என்ன என்று பாருங்கள். 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால் நீங்கள் சிஜிநாட்டுக்குள் இருக்கிறீர்கள். ஒரு பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிடும் ஏற்பாடு அது. வெளியிலிருந்து உங்கள் வீட்டுக் கதவை மட்டும் தனியாகத் தட்ட முடியாது. போர்ட் ஃபார்வர்டிங்கை எத்தனை முறை திருத்தினாலும் பயனில்லை.

டிவிஆர் கம்பெனியின் ஆப் மூலம் சீரியல் எண் போட்டுப் பார்க்கும் வசதி இருந்தால் அதற்கு மாறுங்கள், சிஜிநாட்டுக்குள்ளும் அது வேலை செய்யும். கணினியோடு பழகியவர், வெளியிலிருந்து வீட்டு வலைக்குள் தனிப்பாதை போட்டுத்தரும் டெயில்ஸ்கேல் போன்ற ஒரு மென்பொருளை வைத்துக்கொள்ளலாம். நிலையான ஐபிக்குத் தனியாகக் கட்டணம் கேட்பார்கள். அதையும் சேர்த்தால் மலிவுப் பிளான் மலிவாக இருக்காது. ஆன்லைன் விளையாட்டில் "நாட் ஸ்ட்ரிக்ட்" என்று காட்டுவதற்கும் பெரும்பாலும் இதே காரணம்.

அறிகுறி: ஆபீஸ் விபிஎன் இணைகிறது, ஆனால் உள்ளே எதுவும் திறக்கவில்லை

புது லைன் பயனர் பெயர், பாஸ்வேர்ட் கேட்கும் பிபிபிஓஇ வகையாக இருக்கலாம். அதில் ஒவ்வொரு பாக்கெட்டிலும் 8 பைட் கூடுதல் சுமை ஏறும். 1500 பைட் போன இடத்தில் 1492தான் போகும். ரவுட்டர் இதைச் சரியாக அறிவிக்காவிட்டால் சின்னப் பாக்கெட் போகும், பெரியது காணாமல் போகும். சில தளங்கள் மட்டும் பாதியில் நின்று சுற்றுவதும் இதனால் வரலாம். ரவுட்டரில் எம்டியூவை, அதாவது பாக்கெட்டின் உச்ச அளவை, 1492 ஆக்குங்கள். விபிஎன் செயலியில் எம்டியூவை மாற்ற முடிந்தால் 1400க்கு இறக்கிப் பாருங்கள். ஆபீஸ் லேப்டாப்பில் கைவைக்க அனுமதி இல்லையென்றால், இந்த எண்ணை ஐடி ஆட்களிடம் சொன்னாலே புரிந்துகொள்வார்கள்.

அறிகுறி: ரவுட்டரை மாற்றியதும் நெட்டே வரவில்லை

ஆபரேட்டர் பழைய ரவுட்டரின் மேக் முகவரியோடு (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்) கணக்கைப் பூட்டியிருப்பார். போன் போட்டு "மேக் ரீசெட் பண்ணுங்க" என்றால் இரண்டு நிமிட வேலை. போனை எடுக்க ஆள் இல்லாத ஞாயிற்றுக்கிழமை ரவுட்டர் மாற்றாதீர்கள்.

அறிகுறி: அடிக்கடி அறுந்து அறுந்து வருகிறது, சிவப்பு விளக்கு

எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளியே வரவில்லை என்று பொருள். பாக்ஸை ஐம்பது முறை அணைத்துப் போட்டாலும் வராது. ஒயர் கதவிடுக்கில் நசுங்கியிருக்கிறதா, எலி கடித்திருக்கிறதா, தெருக் கம்பத்தில் லாரி இழுத்துவிட்டதா என்று பாருங்கள். ஃபைபரைக் கழற்றினால் அதன் முனையைக் கண்ணருகே கொண்டுபோகக் கூடாது. ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இருக்கும்.

சிவப்பு எரியாமலே அறுபட்டால் பாக்ஸின் அமைப்புப் பக்கத்தில் ஆப்டிகல் பவர் என்ற எண்ணைத் தேடுங்கள். மைனஸ் 15 முதல் மைனஸ் 25 டிபிஎம் வரை நல்லது. மைனஸ் 27ஐத் தாண்டி மைனஸ் 28, 29 என்று போனால் எங்கோ இணைப்பு மோசம், திரும்ப ஸ்ப்ளைஸ் போட வேண்டும், அதாவது இழையை ஒட்ட வேண்டும். இந்த எண்ணைச் சொல்லிப் புகார் கொடுத்தால் லைன்மேன் வரும்போது கருவியோடு வருவார்.

மின்வெட்டில் மட்டும் போகிறது என்றால் முதலில் பாக்ஸுக்கு 12 வோல்ட் மினி யூபிஎஸ் வாங்குங்கள், பாக்ஸ் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் ஒப்பிட்டு. அதன்பிறகும் போனால், தெருவில் ஆபரேட்டர் வைத்திருக்கும் ஸ்விட்சுக்கு மின்சாரம் இல்லை. ஜிபானில் நடுவில் இருக்கும் பிரிப்பானுக்கு மின்சாரமே வேண்டாம், அதனால் அப்படிப்பட்ட லைனில் இந்தத் தொந்தரவு குறைவு. இணைப்பு வாங்கும்போதே கேட்டுவைக்க வேண்டிய கேள்வி இது.

அறிகுறி: விளையாட்டு ஒன்றை இறக்கினால் நாள் முழுக்க ஓடுகிறது

இது நிஜமாகவே வேகக் குறைவு. 100 ஜிபி விளையாட்டு 200 எம்பிபிஎஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். 40இல் ஐந்தரை மணி நேரம். தந்திரம் ஒன்றும் இல்லை. இரவு படுக்கும்போது போட்டுவிடுங்கள். விளையாட்டு இறக்கும் ஸ்டீம் செயலியில் வேக வரம்பும், தானாக நடக்கும் அப்டேட்டுக்கு நேரமும் வைக்கலாம்.

அறிகுறி: பிளான் குறைந்தது, செலவு குறையவில்லை

ரூ.399 பிளானுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தால் ரூ.471. பழைய பிளானோடு இலவசமாக வந்த ஓடிடிக்கு இப்போது தனியாகக் கட்டுகிறீர்களா? பழைய நிறுவனத்தின் ஆட்டோபே யூபிஐ ஆப்பில் இன்னும் உயிரோடு இருக்கிறதா? லைனைத் துண்டிக்கச் சொல்லி எழுத்தில் கொடுத்தீர்களா, பாக்ஸைத் திருப்பிக் கொடுத்ததற்கு ரசீது வாங்கினீர்களா? ரசீது இல்லாவிட்டால் டெபாசிட் திரும்புவது சந்தேகம்.

எப்போது பிளானை ஏற்றலாம்

கேபிள் சோதனையில் எல்லா நேரமும் முழு வேகம் வருகிறது, பேக்கப்புகளை அடக்கியாகிவிட்டது, வைஃபை தேறிவிட்டது, அப்படியும் ஒரே நேரத்தில் மூன்று டிவியில் 4கே ஓட வேண்டும் என்றால் 45 எம்பிபிஎஸ் அங்கேயே போய்விடுகிறது. 40 போதாது, ஒரு படி ஏற்றுங்கள். இரவு நெரிசலுக்காக அதே நிறுவனத்தில் பிளானை ஏற்றுவதில் மட்டும் அர்த்தமில்லை. அடைத்த பாதை 100 எம்பிபிஎஸ் பிளானுக்கும் அதேதான். அதற்கு வேறு நிறுவனம் தேட வேண்டும், அல்லது புகாரை விடாமல் தொடர வேண்டும். முதல் புகாருக்குப் புகார் எண் கட்டாயம் வாங்குங்கள். தீர்வு சரியில்லை என்றால் ஒவ்வொரு நிறுவனத்திலும் மேல்முறையீட்டு அதிகாரி உண்டு, அங்கே அந்த எண்ணைத்தான் கேட்பார்கள். பணம் திரும்ப வராத சிக்கலுக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.